ஆடு பதினொண்ணுதான்

உக்காருங்க சார். அந்த ஓரத்துல மட்டும் வேண்டாம், அங்க ஒரு ஆணி தூக்கிக்கிட்டு நிக்கும், வேட்டியைப் பிடிச்சு இழுத்துரும். ரெண்டேகால் வருசமா உக்காந்து பழகுன பெஞ்சு, அதனால சொல்றேன். மனு குடுக்க வந்தீங்களா? திங்கக்கிழமைன்னா கீழ ஹால்ல நிக்கக்கூட இடம் இருக்காது, மாடிக்கு வந்தது நல்லது. டோக்கன் எத்தனை? நூத்தி நாப்பத்தெட்டா? மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கூப்பிடுவாங்க. எங்க, மனுவைக் காட்டுங்க. தெருக்குழாயா? அடடா, நாலு பக்கம் எழுதியிருக்கீங்களே! ஒரு பக்கமாக் குறைங்க சார். முப்பத்தோரு வருசம் இந்த ஆபீஸ்ல எழுதியே தேஞ்சவன் சொல்றேன், எழுதுனதை இங்க யாரும் படிக்கிறதில்லை. கையெழுத்துப் போடுவாங்க. அது வேற, படிக்கிறது வேற.

நான் தெய்வசிகாமணி. மக்கள் தொடர்பு அலுவலகத்துல உதவியாளர். உதவியாளரா இருக்கேன்னும் சொல்ல முடியாது, ரிட்டயர் ஆயிட்டேன்னும் சொல்ல முடியாது. அறுபது முடிஞ்சு ரெண்டேகால் வருசம் ஆச்சு, ஆனா ஓய்வு பெற அனுமதிக்கலை. அப்படி ஒண்ணு இருக்கு சார் நம்ம சர்க்கார்ல. கடைசி நாள் சாயங்காலம் சஸ்பெண்ட் பண்ணி, விசாரணை முடியுற வரைக்கும் பணியில் தொடர்வதாகக் கருதப்படும்னு ஒரு தாளைக் கையில குடுப்பாங்க. வேலையும் கெடையாது, ஓய்வும் கெடையாது. இந்த ஊர் எல்லையைத் தாண்டணும்னாக்கூட எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும்.

மக ஓசூர்ல இருக்கா. ரெண்டாவது பேரன் பொறந்தான். ரெண்டாவது பிரசவம்ங்குறதால அங்கேயே பார்த்துக்கிட்டாங்க. பேர் வைக்கிறதுக்குப் போகணும்னு முறைப்படி விண்ணப்பம் போட்டேன். அனுமதி வந்துச்சு சார், வராமலா? பேர் வச்சு மூணு மாசம் கழிச்சு வந்துச்சு. அதுலயும், பதினாலாம் தேதி நடைபெறும் பெயர் சூட்டு விழாவுக்கு மட்டும் சென்றுவர அனுமதின்னு போட்டிருந்துச்சு. முடிஞ்சுபோன பதினாலாம் தேதிக்கு எந்த பஸ்ஸுல ஏறுறது? "சொல்லாம போயிட்டு வந்துரலாம், யாருக்குத் தெரியப்போகுது"ன்னு வீட்டுக்காரி பிரேமாவதி கேட்டா. எனக்குத் தெரியுமே சார். பையனுக்கு இப்ப ஒண்ணரை வயசு. ஓடுறானாம். போன்ல பார்க்குறேன்.

ஆனா இன்னைக்கு முடிஞ்சிரும். பதினோரு மணிக்குக் கூப்பிடுவாங்க. ஒரே ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். இந்தாங்க, இந்த நீலக் கவர்ல இருக்கு அந்தத் தாள், ஊழியர் சங்கத்துல இருக்குற இருதயராஜ் எழுதிக் குடுத்தது. விசாரணை அதிகாரி அம்மா நல்லவங்க. இன்னைக்கு முடிஞ்சுதுன்னா வெளியூர் போற அனுமதியைக் கையோட குடுத்துர்றேன்னு அவங்களே சொல்லிட்டாங்க. கீழ வேப்பமரத்தடியில பிரேமாவதி பையோட உக்காந்திருக்கா. பச்சைப் பட்டுச்சேலை. ஓசூருக்கு சாயங்காலம் ஆறு மணி வண்டிக்கு டிக்கெட் எடுத்தாச்சு. இருதயராஜ் மாலை வாங்கி வச்சிருக்கார். வேணாம்யான்னு சொன்னேன், கேக்கலை.

என்ன கேஸுன்னு கேக்குறீங்களா? ஸ்டேடியம் கேஸு. ஆமா, அதே ஸ்டேடியம்தான். கரட்டுமேட்டுல, நாலு வழிச்சாலை ஓரமா, நூத்திப் பத்து கோடியில கட்டுனாங்களே. பேப்பர்ல படம் படமாப் போட்டு ஊர் சிரிச்சுச்சே, பார்த்தீங்கதானே? எல்லாரும் பார்த்திருக்காங்க. சிரிக்காதீங்க சார். சரி, சிரிங்க.

என் வேலை என்னன்னா, விடிகாலை அஞ்சரைக்கு ஆபீஸ் வந்துரணும். பதினாலு பேப்பர் கெடக்கும். நம்ம மாவட்டத்துச் செய்தி எல்லாத்தையும் கத்தரிச்சு, வெள்ளைத் தாள்ல ஒட்டி, ஏழு மணிக்குள்ள கலெக்டர் பங்களாவுல சேர்க்கணும். ஒவ்வொரு தாள்லயும் மேல ஒரு கட்டம் இருக்கும். செய்தியின் சுருக்கம், பாராட்டா குறையா, சம்பந்தப்பட்ட துறை. குறைன்னா அந்தத் துறைகிட்ட விளக்கம் வாங்கி, நாங்க பேப்பருக்கு மறுப்பு அனுப்பணும். மறுப்புல நான் கில்லாடி சார். சும்மா பெருமைக்குச் சொல்லலை. மத்த மாவட்டத்துல எல்லாம் ஒரே வரி, மேற்கண்ட செய்தி உண்மைக்குப் புறம்பானதுன்னு. அது என்ன மறுப்பு? எது உண்மைன்னு சொல்ல வேணாமா? நான் விசாரிச்சு, எண்ணிக்கையோட, நேரத்தோட எழுதுவேன்.

தை மாசம் மந்திரி வந்து ஸ்டேடியத்தைத் திறந்துவச்சார். பதினஞ்சாயிரம் பேர் உக்காரலாம். ஒரு மாசம் கழிச்சு, காலைக்கொடி பேப்பர்ல ஒரு கேலிப்படம். போடுறவன் பேர் கொசு. நெசப் பேர் யாருக்கும் தெரியாது, படத்துக்குக் கீழ மூலையில ஒரு கொசு வரைஞ்சிருப்பான். படத்துல ஸ்டேடியம் முழுக்கக் காலி. நடுவுல பரிசு மேடை இருக்குல்ல, ஒண்ணு ரெண்டு மூணுன்னு படிப்படியா. அதுல ஒண்ணாம் நம்பர் மேல ஒரு ஆடு நிக்குது. கழுத்துல தங்கப் பதக்கம். கீழ, 'இந்த ஆண்டின் முதல் வீரர்'.

இதைக் கத்தரிச்சேன், ஒட்டுனேன். ஆனா கட்டத்துல என்ன எழுதுறது? கார்ட்டூனுக்குன்னு ஒரு முறையே கெடையாது. யோசிச்சு யோசிச்சு, 'படத்தில் ஓர் ஆடு மேடை மீது நிற்கிறது. பதக்கம் அணிந்துள்ளது'ன்னு எழுதி, சம்பந்தப்பட்ட துறைங்குற இடத்துல விளையாட்டுத் துறை, கால்நடைத் துறைன்னு ரெண்டையும் போட்டேன். ஆடு வருதுல்ல? கால்நடைத் துறையிலருந்து பத்து நாள்ல பதில் வந்துச்சு, மேற்படி ஆட்டுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யப்படும்னு.

கலெக்டருக்குக் கோபம். எங்க பி.ஆர்.ஓ. நவநீதனைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துட்டார். நவநீதன் சார் என்கிட்ட வந்து, "ஆடு கீடு எதுவும் இல்லைன்னு ஒண்ணு எழுதுங்கய்யா"ன்னார். அப்படிக் கண்ணை மூடிக்கிட்டு எழுத முடியுமா? ஸ்டேடியம் காவக்காரர் மூக்கையாவுக்குப் போன் போட்டேன். "அண்ணே, அங்க ஆடு மேயுதா?"ன்னேன். "மேயுது சார், நம்ம ஆடுதான், பதினொண்ணு. புல்லு வெட்டுற மிசின் வந்த அன்னைக்கே படுத்துருச்சு. இஞ்சினியர் அய்யாதான் ஆட்டை விடுறான்னு சொன்னார்"னார். அவ்வளவுதான், எழுதிட்டேன். இன்னமும் மனப்பாடம் சார்: 'மைதானத்தில் ஆடுகள் கட்டுப்பாடின்றி மேய்வதுபோல் சித்தரித்திருப்பது உண்மைக்குப் புறம்பானது. புல் வெட்டும் இயந்திரம் பழுதுற்றிருப்பதால், காவலருக்குச் சொந்தமான பதினொரு ஆடுகள் மட்டும், காலை ஆறு முதல் எட்டு மணி வரை, செயற்பொறியாளரின் வாய்மொழி அனுமதியுடன் மேய்க்கப்படுகின்றன. பரிசு மேடை மீது ஆடு ஏதும் ஏறியதில்லை.'

எப்படி இருக்கு? கச்சிதமா இல்லை? டைப்பிஸ்ட் கலைமதி அடிச்சுக் குடுத்துச்சு. டைப்பிஸ்ட் கலைமதி அடிச்சுக் குடுத்துச்சு. காலைக்கொடி ஆபீஸுக்கு நானே சைக்கிள்ல போய், வாசல்ல இருக்குற பெட்டியில போட்டுட்டு வந்தேன். மறுநாள் பார்த்தா ஏழாம் பக்கத்துல, மூலவியாதி விளம்பரத்துக்குக் கீழ, ரெண்டே வரி. 'ஸ்டேடியத்தில் ஆடு மேய்வதாகக் கூறுவது தவறு என மாவட்ட நிர்வாகம் தெரிவித்துள்ளது.' என் மறுப்புல இருந்த உயிர் எல்லாத்தையும் உருவிட்டானுங்க. மனசு என்ன பாடுபட்டுச்சு தெரியுமா?

ஆனா அதுக்கு அடுத்த நாள் வந்துச்சு பாருங்க ரெண்டாவது படம். பதினொரு ஆடு சார்! கால்பந்து டீம் மாதிரி வரிசையா நிக்குது. இஞ்சினியர் விசிலை வாயில வச்சுக்கிட்டு நிக்கிறார். எல்லா ஆடும் காதைத் தூக்கிக்கிட்டு அவர் வாயையே பார்க்குது. தலைப்பு, 'வாய்மொழி அணி'. நான் எண்ணிப் பார்த்தேன். ஒண்ணு, ரெண்டு... பதினொண்ணு. திரும்பவும் எண்ணுனேன், பதினொண்ணேதான். பத்தா வரைஞ்சிருக்கலாம், இருபதா வரைஞ்சிருக்கலாம். பேப்பர்ல வந்த ரெண்டு வரியில எண்ணிக்கையே இல்லையே! அப்ப அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?

உள்ளுக்குள்ள ஆள் இருக்கு. அப்பவே முடிவு பண்ணிட்டேன். நம்ம ஆபீஸ்லதான் ஒரு கறுப்பாடு இருக்கு, அது கொசுவுக்குப் போட்டுக் குடுக்குது. நீங்க என்ன நினைக்கிறீங்க? ஏன் சார் அப்படிப் பார்க்குறீங்க? சரி, முழுக்கக் கேளுங்க.

அப்புறம் நீச்சல்குளம். காலிக் குளத்துல ஒருத்தன் குடையைப் பிடிச்சுக்கிட்டுக் குதிக்கிற மாதிரி போட்டான். நான் மூணு நாள் அலைஞ்சு விசாரிச்சேன். 'நீச்சல்குளத்தில் தண்ணீரே இருந்ததில்லை என்பது உண்மைக்குப் புறம்பானது. திறப்பு விழா அன்று முப்பத்தாறு லாரித் தண்ணீர் நிரப்பப்பட்டது. விழா முடிந்தவுடன், குடிநீர்த் தேவை கருதி, அதே லாரிகளில் திரும்ப எடுத்துச் செல்லப்பட்டது.' இதுல ஒரு எழுத்து பொய் உண்டா? மறுநாள் என்ன படம் தெரியுமா? முப்பத்தாறு லாரி வரிசையா ரோட்டுல போகுது, மந்திரி நீச்சல் உடுப்போட ஒரு லாரித் தொட்டியிலருந்து அடுத்த தொட்டிக்குத் தாவுறார். முப்பத்தாறும் இருந்துச்சு சார். லென்ஸ் வச்சு எண்ணுனேன்.

அன்னைக்குக் கலெக்டர் என்னை நேர்ல கூப்பிட்டு, "யாருய்யா அந்த ஆளு?"ன்னு மேசையைத் தட்டினார். "கண்டுபிடிச்சுர்றேன் அய்யா"ன்னேன். அந்தக் கோடை முழுக்க எனக்குத் தூக்கமே கெடையாது. டிரைவர் டீ குடிக்கப் போனா பின்னாடியே போனேன். கடுதாசி எதையும் மேசை மேல வைக்கிறதில்லை. மறுப்பு எழுதும்போது கதவைச் சாத்திக்கிட்டு எழுதுனேன். கார்பன் தாளைக் கிழிச்சு, நாலாக் கிழிச்சு, பையில போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புல போட்டேன். அப்படியும் விசயம் வெளிய போகுது. நான் எழுதி முடிச்ச மறுநாளே படம் வந்துருது.

மிச்சம் யாரு இருக்கா? அடிச்சுக் குடுக்குற கலைமதிதான். நல்ல பொண்ணு. வெள்ளிக்கிழமைன்னா கொழுக்கட்டை கொண்டாந்து முதல்ல எனக்குத்தான் வைக்கும். ஆனா எல்லா மறுப்பும் அது கையைத் தாண்டித்தானே போகுது? கைக்குழந்தைக்காரி, அடிக்கடி போன் பேசும். ஒரு குறிப்பு எழுதி மேல வச்சேன். சந்தேகம்னுதான் எழுதுனேன் சார், உறுதின்னு எழுதலை. ஒரு வாரத்துல மலையில இருக்குற தாலுகா ஆபீஸுக்கு மாத்திட்டாங்க. போற அன்னைக்கு என் மேசைகிட்ட வந்து, "நான் என்ன சார் பண்ணேன்?"ன்னுச்சு. நான் பேப்பர் கத்தரிச்சுக்கிட்டு இருந்தேன். தலையை நிமித்தலை.

அது போன பிறகும் படம் நிக்கலையான்னு கேக்குறீங்களா? நிக்கலை. அங்கதான் எனக்கும் குழப்பம். மலையிலருந்தே போன்ல சொல்லுதோ என்னமோன்னு நினைச்சுக்கிட்டேன்.

கடைசியா ஸ்கோர் பலகை. கொசு அன்னைக்கு ஸ்கோர் பலகையைப் பத்திப் படமே போடலை. ஸ்டேடியத்தைக் கல்யாண மண்டபமா வாடகைக்கு விடலாம்னு வேற என்னமோ போட்டிருந்தான், மூலையில சின்னதா ஒரு ஸ்கோர் பலகை, அதுல முட்டை. ஆனா பொறுப்புள்ளவன் அதை விட முடியுமா? நேர்லயே போய்ப் பார்த்தேன். பார்த்துட்டு வந்து எழுதுனேன்: 'ஸ்கோர் பலகை பூஜ்யம் காட்டுவதாகச் சித்தரித்திருப்பது தவறு. அதற்கு இதுவரை மின் இணைப்பே தரப்படவில்லை. மேலும், மேற்படி பலகை நெடுஞ்சாலையில் செல்வோர் காணும் வண்ணம் வெளிப்புறம் நோக்கி அமைக்கப்பட்டுள்ளதால், மைதானத்தின் உள்ளிருந்து யாரும் அதைப் பார்க்க இயலாது.' மறுநாள் அரைப் பக்கத்துக்குப் படம். மைதானத்துல பந்தயம் நடக்குது, பார்க்க வந்த பதினஞ்சாயிரம் பேரும் வெளிய நாலு வழிச்சாலையில நின்னு ஸ்கோர் பார்க்குறாங்க, பஸ்ஸுக்காரன் ஆரன் அடிக்கிறான். மெட்ராஸ் வரைக்கும் பத்திக்கிச்சு. சட்டசபையில கேள்வி. தணிக்கைக்கு ஆள் வந்தாங்க. இஞ்சினியரை மாத்துனாங்க. மந்திரி பேரு நாறிப்போச்சு.

அப்புறம் யாராவது ஒரு ஆளு மாட்டணும்ல? ஜூலை மாசம், முப்பத்தொண்ணாம் தேதி, என் கடைசி நாள். மூணு மணிக்கே எல்லாரும் கூடிட்டாங்க. சந்தன மாலை, மோதிரம், மிக்சர் பொட்டலம் எல்லாம் தயார். பிரேமாவதியை மேடையில உக்கார வச்சிருந்தாங்க, இதே பச்சைச் சேலையில. ரிட்டயர் ஆகுறவங்களை ஆபீஸ் ஜீப்புல வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவாங்க, தெருவே வந்து பார்க்கும், தெரியும்ல? ஜீப்புக்குத் தோரணம்கூடக் கட்டியாச்சு. நவநீதன் சார் வரட்டும்னு காத்திருந்தோம். நாலரைக்கு வந்தார். மாலையை எடுக்கலை, ஒரு கவரை எடுத்தார். பதினேழு பி, அதான் சார், பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுத் தாள். அதுகூட சஸ்பென்ஷன். ஒருத்தர் ஒருத்தரா எந்திரிச்சுப் போயிட்டாங்க. மிக்சர் பொட்டலத்தை யாரும் தொடலை. நானும் அவளும் ஷேர் ஆட்டோவுல வீட்டுக்குப் போனோம். இருதயராஜ்தான் அந்த மாலையை ஒரு கட்டைப்பையில போட்டு அவ மடியில வச்சார். "இது எதுக்குங்க இப்ப"ன்னு அவ கேட்டா. அழுதுட்டேன் சார். அறுபது வயசுல, ஆட்டோக்காரன் கண்ணாடியில பார்க்கப் பார்க்க அழுதேன்.

குற்றச்சாட்டு என்ன தெரியுமா? 'அரசுக்கு அவப்பெயர் ஏற்படும் வகையில் உண்மைத் தகவல்களை வெளியிட்டது.' பொய்த் தகவல்னு போடலை, கவனிச்சீங்களா? நவநீதன் சார், தெய்வசிகாமணி எழுதுனதை நம்பிக் கையெழுத்துப் போட்டேன்னு சொல்லிட்டார். அவருக்கு அப்புறம் பதவி உயர்வும் வந்துருச்சு. ஆனா நான்தான் எழுதுனேங்குறதுக்கு அவங்ககிட்ட ஆதாரம் இல்லை. ஆபீஸை மாத்தினப்ப என் கைப்பட எழுதுன நகல் கோப்பு காணாமப் போச்சு. அதனாலதான் கேஸு இழுத்துக்கிட்டே கெடக்கு. இருதயராஜ் மொதல்லருந்தே சொல்றார், "நான் எழுதலைன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க அண்ணே, அவங்களால நிரூபிக்க முடியாது, முடிஞ்சுது"ன்னு. நான்தான் பிடிவாதமா, அந்தக் கொசுவைக் கூப்பிடுங்க, உளவு சொன்னது யாருன்னு அவன் வாயால சொல்லட்டும்னு மனு மேல மனு போட்டேன். நாலு தடவை சம்மன் போச்சு, வரலை. ஒவ்வொரு தடவையும் ஆறு மாசம் ஓடிப்போச்சு. ஆமா சார், நான்தான் இழுத்தேன், ஒத்துக்கிறேன்.

போன வாரம் பிரேமாவதி சொன்னா, "எனக்கு இதுக்கு மேல முடியாது. பேரன் என்னைப் பார்த்தாப் பாட்டிங்குறான், உங்களைப் போன்தான்னு நினைச்சுக்கிட்டிருக்கான்." அவ அதிகம் பேசுறவ இல்லை. அதான் சரின்னுட்டேன். இதுதான் அந்தத் தாள். 'மறுப்புச் செய்திகள் எவற்றையும் நான் எழுதவில்லை. அலுவலகத்தில் தந்ததைத் தபாலில் சேர்த்தது மட்டுமே என் பணி.' கையெழுத்து மட்டும்தான் பாக்கி. முதல் வரி கண்ணுல பட வேணாம்னுதான் மடிச்சு வச்சிருக்கேன்.

இந்த ரெண்டாவது கவரா? இது காலையில வந்துச்சு. கொசு கடைசியில நேர்ல வராம எழுத்துல பதில் அனுப்பியிருக்கான், எனக்கு ஒரு நகல். இருதயராஜ் மேலோட்டமாப் பார்த்துட்டு, "உங்களுக்கு சாதகமாத்தான் இருக்கு, இதையும் சேர்த்துக் குடுத்துருங்க, படிச்சுக்கிட்டு உக்காராதீங்க"ன்னார். அது எப்படிப் படிக்காம குடுக்குறது? மணி பத்தே முக்கால்தானே. இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கிறேன். சத்தமாவே படிக்கிறேன். அந்தக் கறுப்பாட்டோட பேரை நீங்களும் கேளுங்க.

'எனக்கு எந்த அரசு ஊழியரும் எந்தத் தகவலும் தரவில்லை.'

பொய். யாரையோ காப்பாத்துறான்.

'எங்கள் அலுவலகத்துக்கு வந்த மறுப்புச் செய்திகளை முழுமையாகப் படித்தேன், அவ்வளவுதான். அச்சில் இரண்டு வரிதான் போடுவார்கள். மீதி என் மேசைக்கு வந்துவிடும். முதல் படத்தில் நான் வரைந்த ஆடு வெறும் கற்பனை. உண்மையிலேயே பன்னிரண்டு ஆடுகள் அங்கே மேய்வதை மறுப்பைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்கோர் பலகை திரும்பியிருப்பதும் அப்படியே. ஒரு கட்டத்தில் அடுத்து என்ன வரைவது என்று யோசிப்பதையே விட்டுவிட்டு, மறுப்பு வரட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். கீழே மக்கள் தொடர்பு அலுவலரின் கையெழுத்து இருந்தது. உண்மையில் எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும், பொய் எழுதச் சொன்னால்கூட அவருக்கு எழுத வராது என்று தோன்றியது.'

...

இருங்க சார். ஒரு நிமிசம். தண்ணி இருக்கா?

முழுமையாகப் படித்தேன்னு எழுதியிருக்கான் பாருங்க. முழுமையாக. நான் பெட்டியில போட்டுட்டு வந்தது, அப்படியே, கடைசி வரி வரைக்கும். பிரேமாவதிகூடப் படிச்சதில்லை. கையெழுத்துப் போட்டவர் படிச்சதில்லை. இந்தப் பய உக்காந்து படிச்சிருக்கான். காத்திருந்தானாம்!

அப்ப ஆபீஸ்ல ஆளே இல்லை. ஒரு கறுப்பாடும் இல்லை. நீங்க அப்பவே அப்படிப் பார்த்தீங்களே, உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா? எனக்குத் தெரியலையே சார். கதவைச் சாத்திக்கிட்டு எழுதுனேனே. கார்பனை அடுப்புல போட்டேனே.

அந்தப் பொண்ணு. "நான் என்ன சார் பண்ணேன்"னு கேட்டுச்சே. தலையை நிமித்திப் பார்க்கலையே நான். அந்தக் குழந்தைக்கு இப்ப மூணு வயசு இருக்கும். மலைக் குளிர்ல...

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். தெரியும். இந்தக் கடுதாசியையும் நீலக் கவரையும் சேர்த்துக் குடுத்தா கேஸ் முடிஞ்சுது. எழுதுனது யாருன்னு அவனுக்கும் தெரியலை, நானும் எழுதலை. ஆறு மணி வண்டி. காலையில பேரன். சரிதான். எல்லாம் சரிதான்.

ஆனா பன்னிரண்டுன்னு எழுதியிருக்கானே சார். பதினொண்ணு. மூக்கையா அண்ணன்கிட்ட ரெண்டு தடவை கேட்டுத்தானே எழுதுனேன்? படம் போட்டப்ப சரியாத்தானே போட்டான், இப்ப மறந்துட்டான் போல. இது அப்படியே பதிவாயிரும்.

உங்க பேனாவைக் குடுங்க. மனுவுல பின்பக்கம் காலியா ஒரு தாள் இருக்குல்ல, நாலாவது பக்கம் உங்களுக்கு வேணாம்னு சொன்னேன்ல, அதைக் கிழிச்சுக் குடுங்க. முதுகைக் கொஞ்சம் திருப்புங்க சார், வச்சு எழுதிக்கிறேன்.

ம். கேளுங்க. 'காலைக்கொடி கேலிச்சித்திரக்காரரின் கடிதத்தில் ஆடுகள் பன்னிரண்டு எனக் கூறியிருப்பது உண்மைக்குப் புறம்பானது. ஆடுகள் பதினொன்று மட்டுமே. மறுப்புகளை எழுதியவர் யாரெனத் தெரியாது என்பதும் சரியல்ல. அவை அனைத்தையும் எழுதியது நான்தான். தட்டச்சர் திருமதி கலைமதி மீது நான் எழுதிவைத்த குறிப்பில் உண்மை ஏதும் இல்லை. அவரை மீண்டும் இவ்வூருக்கே மாற்ற வேண்டுகிறேன். இப்படிக்கு, தெய்வசிகாமணி.'

கையெழுத்துப் போட்டாச்சு. ஒரு பக்கத்துக்குள்ள முடிஞ்சுது பாருங்க. விசாரணை அதிகாரி அம்மா படிப்பாங்க.

டபேதார் கூப்பிடுறார், என்னைத்தான். வர்றேங்கய்யா! சார், ஒரு உதவி. உங்களுக்குத்தான் நேரம் இருக்கே. கீழ போய் வேப்பமரத்தடியில பாருங்க, பச்சைச் சேலையில ஒரு அம்மா ரெண்டு பையோட உக்காந்திருப்பாங்க. ஆறு மணி வண்டியில ஒரு டிக்கெட்டை மட்டும் ரத்து பண்ணச் சொல்லுங்க. அவ போகட்டும், பேரன் தேடுவான். ஏன்னு கேப்பா. விளக்கமெல்லாம் வேணாம். ஆடு பதினொண்ணுதான்னு சொல்லுங்க. அவளுக்குப் புரிஞ்சிரும்.